காலி கப்தான் பாகி

டிக்கெட் ஆபீஸில் இருந்த பெண் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எங்கள் ஊர் லபாசாவின் கடைத்தெருவான நசியாவில் அவள் மேஜைக்கு முன்னால் எப்போதும் நாலு பேர் நிற்பார்கள். முதல் ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு ஃபிஜியை விட்டுக் கிளம்பும் இந்தியர்களால் அந்த வரிசை வாசலைத் தாண்டி நடைபாதை வரை வந்துவிட்டது. மகளின் டிக்கெட்டில் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கப் போயிருந்தேன். ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்திருந்தேன்.

"எல்லாம் டீக், சரியா இருக்கு தீதி," என்றாள். "நேத்து உங்க வூட்டுக்காரர் கேட்டதுக்குத்தான் நாடி ஏர்போர்ட்டிலேர்ந்து இன்னும் பதில் வரல. வந்தா சொல்றேன்."

"என்ன கேட்டார்?"

"ஒரு டிக்கெட்டுக்கு தேதி மாத்த முடியுமான்னு. ஒண்ணே ஒண்ணுக்கு." என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"தெரியும்," என்றேன்.

தெரியாது. எங்களுக்கு மூன்று டிக்கெட். நான், கணவர், மூன்று வயது மகள். ஆக்லாந்தில் இருக்கும் என் அண்ணன் எங்களை அழைத்திருந்தான். விசா முத்திரை குத்திய பாஸ்போர்ட்டுகள் பதிவுத் தபாலில் வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மகளின் பெயர் என் பாஸ்போர்ட்டிலேயே இருந்ததால் பாஸ்போர்ட் இரண்டுதான். கிளம்ப இருபத்தாறு நாள் இருந்தது. இந்த நேரத்தில் ஒருவர் மட்டும் தேதியை மாற்றுவது எதற்கு? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதற்கு நல்ல காரணமாக ஒன்றைத் தேடினேன். கெட்ட காரணங்கள்தான் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. அந்த மாதங்களில் அப்படிக் கதைகள் நிறைய இருந்தன. பக்கத்துத் தெருவில் ஒருவர் தலைநகர் சுவாவுக்குப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு வான்கூவரிலிருந்து கடிதம் போட்டார்.

அவரிடம் நேராகக் கேட்டிருக்கலாம். இன்றுவரை அதை நினைத்துக்கொள்கிறேன். கேட்டால் ஏதாவது சொல்வார், சொன்னதை நம்புவதா வேண்டாமா என்று அதற்கப்புறம் ஒரு மாதம் யோசிக்க வேண்டியிருக்கும். அதனால் கேட்கவில்லை. பார்க்க ஆரம்பித்தேன்.

என் கணவரை லபாசாவில் பெயர் சொல்லி அழைத்தவர்கள் குறைவு. எல்லாருக்கும் அவர் கப்தான். ஹார்ட்வேர் கடையில் ஆணியும் தகரமும் விற்பவர்தான். ஆனால் ஆறு வருஷமாக எங்கள் ஊர் சாக்கர் அணிக்குத் தலைவர். மாவட்டங்களுக்கிடையிலான போட்டியில் அவர் தலைமையில் அணி இரண்டு முறை கடைசி ஆட்டம் வரை போய் இரண்டு முறையும் தோற்றது. எங்கள் கூடத்துச் சுவரில் அவர் அடித்து வைத்த ஒரு ஆணி இருந்தது. அதில் எதுவும் தொங்காது. கோப்பையோடு எடுக்கப்போகும் போட்டோவுக்கான ஆணி அது. ஒருமுறை நான் அதில் காலண்டர் மாட்டினேன். சாயங்காலம் காலண்டர் சமையலறைக்குப் போயிருந்தது.

"அது கோப்பைக்கு," என்றார், அவ்வளவுதான்.

அந்த ஆசையை நான் கேலி செய்ததில்லை. ஆனால் அதைக் கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தேன். பெயர் வேண்டும் என்று இருப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் சில சமயம் கண்ணில் படமாட்டார்கள்.

இரண்டாவது விஷயம் நோட்டு. கவிழ்ப்புக்குப் பிறகு கடையில் வியாபாரம் படுத்துவிட்டது. மத்தியான நேரத்தில் அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் என்னவோ எழுதத் தொடங்கினார். கேட்டபோது சிரித்துக்கொண்டே, "லடாய் கதை. இன்னும் பத்தாயிரம் வருஷம் கழிச்சு நடக்குது. ஆகாசத்துல," என்றார். நட்சத்திரங்களுக்கு நடுவில் போர், ஒரு கப்பல், அதற்கு ஒரு கப்தான். சின்ன வயதில் எங்கேயோ கிடைத்த படக்கதைப் புத்தகங்களின் பாதிப்பு என்று விட்டுவிட்டேன். டிக்கெட் ஆபீஸுக்குப் போய்வந்த பிறகு அந்த நோட்டு எங்கே வைக்கப்படுகிறது, எப்போது மூடப்படுகிறது என்று கவனித்தேன். நான் அறைக்குள் வந்தால் மூடினார். அல்லது நான் வரும் நேரம் பார்த்து எழுதி முடித்தார். இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பேச்சு பாதிக்கு மேல் ஃபிஜி இந்திதான். இதில் எல்லாவற்றையும் தமிழாகவே எழுதுகிறேன், என்னால் முடிந்தது அதுதான். நாங்கள் இருவரும் தென்னிந்தியர்கள் நடத்திய பள்ளியில் படித்தவர்கள். எனக்குத் தமிழ் பிடித்துப்போய் மேலே படித்தேன், ஞாயிறுகளில் கோயிலில் குழந்தைகளுக்குச் சொல்லியும் கொடுத்தேன். அவருக்கு எழுத்து மட்டும் ஒட்டிக்கொண்டது. அதனால் மனதில் வருவதை இந்தியிலும், அதைக் காகிதத்தில் தமிழ் எழுத்திலும் போடுவார். கடைக்கு யார் வந்து எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் புரியாது. இந்தி தெரிந்தவனுக்கு எழுத்து தெரியாது. தமிழ் எழுத்து தெரிந்த கிழவர்களோ கடைக்கு வருவதில்லை. லபாசாவில் அந்த நோட்டை வாசிக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

வாசிக்கவும் வேண்டி வந்தது, பாலத்தில்.

ஒரு வெள்ளிக்கிழமை மூவருமாக டவுனிலிருந்து பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். பாலத்துக்கு இந்தப் பக்கம் சிப்பாய்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். பைகளைத் திறக்கச் சொன்னார்கள். என் பையில் மகளின் மாற்றுத்துணியும் ரொட்டியும் இருந்தன. அவர் பையில் சாப்பாட்டு டப்பாவும் நோட்டும். நோட்டைப் புரட்டிய சிப்பாய்க்கு நாங்கள் தெரிந்தவர்கள்தான். எதிர் அணியில் ஆடியவன், லபாசாவிலேயே வளர்ந்த பூர்வீக ஃபிஜியன் பையன், எங்களைவிட நன்றாக இந்தி பேசுவான்.

"கப்தான், இது என்னா எழுத்து? எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு," என்றான்.

அந்தச் சொல்லைக் கேட்டு ஜீப்புக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர் திரும்பினார். சுவாவிலிருந்து வந்த அதிகாரி, நிஜமான கேப்டன். முப்பது வயதுகூட இருக்காது. சட்டைக் கையின் மடிப்பு வெயிலிலும் கலையாமல் இருந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே வந்தார்.

"யாரைக் கேப்டன் என்றாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

சிப்பாய் விறைத்து நின்றான். "சாக்கர் கேப்டன், சார்."

"இந்தப் பாலத்தில் ஒரு கேப்டன் போதும்," என்றார் அவர். நோட்டை வாங்கினார். அதில் கப்பல்களின் படம் இருந்தது, அம்புக்குறி இருந்தது, கட்டம் கட்டமாக ஏதோ வியூகம் இருந்தது. அவர் பக்கங்களைத் திருப்பும் வேகம் குறைந்தது. "இது என்ன மொழி?"

என் கணவர் வாய் திறப்பதற்குள், "தமிழ்," என்றேன். இந்தி என்று சொன்னால் சிப்பாயை வைத்துக்கொண்டு சத்தமாக வாசிக்கச் சொல்வார் என்று எப்படியோ தோன்றிவிட்டது. "கதை. நான் டீச்சர். வேண்டுமானால் சொல்கிறேன்."

"சொல்லு," என்றார். "நீ மட்டும். அவன் பேசக் கூடாது."

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு மனதுக்குள் வாசித்து, ஆங்கிலத்தில் சொன்னேன். பத்தாயிரம் வருஷம் கழித்து இரண்டு சூரியன்களுக்கு நடுவில் போர். கப்பலில் கப்தானும் பத்து ஆட்களும். கப்தானுக்கு ஒரே ஆசை, ஒரு நட்சத்திரத்துக்குத் தன் பெயர் வைக்க வேண்டும். அதற்காக ஓய்வு கொடுக்காமல் ஆட்களைச் சண்டைக்கு அனுப்புகிறான். பின்கதவைக் காக்கும் பெரிய கைக்காரன் ஒருவன். இடது பக்கமாகவே ஓடும் இரட்டையர் இருவர். ஒவ்வொருவராகச் சின்னப் படகில் ஏறிக் குளிர்ந்த கிரகங்களுக்குப் போய்விடுகிறார்கள். எதிரி எப்போது வருவான் என்று கப்தான் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். கேட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

"கடைசியில்?"

கடைசிப் பக்கத்தில் ஒரே வரிதான் இருந்தது. காலி கப்தான் பாகி.

காலி என்றால் எங்கள் ஃபிஜி இந்தியில் 'மட்டும்'. பாகி என்றால் ஓடிப்போவான். கப்தான் மட்டும் ஓடிப்போவான்.

டிக்கெட் ஆபீஸ் பெண்ணின் குரல் காதில் கேட்டது. ஒண்ணே ஒண்ணுக்கு. இடுப்பில் மகள் கனத்தாள். பக்கத்தில் நின்றவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

"ஜெயிக்கிறான்," என்றேன்.

"பதக்கம்?"

"கிடைக்கிறது."

"என்ன பதவி தருகிறார்கள்? மேஜரா?"

"ஜெனரல்," என்றேன்.

அவர் சிரித்தார். நல்ல சிரிப்புதான். நோட்டை என் கணவரிடம் கொடுத்து, "மீதியையும் எழுது," என்றார். பஸ் ஏறும்போது சிப்பாய் அண்ணி முறை வைத்து என்னிடம் மெதுவாக, "பௌஜி, நெஜமாவே ஜெனரலா?" என்று கேட்டான். மகளோடு ஏறிவிட்டேன். பஸ்ஸில் என் கணவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் படித்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அதனால்தான் பேசாமல் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அவர் கடைக்குப் போனதும் அலமாரியிலிருந்து அவருடைய பாஸ்போர்ட்டை எடுத்தேன். பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது. பாசிப்பயறு டின்னில் பாதிக்குக் கீழே அதைப் புதைத்து மேலே பயறைச் சமமாகத் தட்டிவிட்டேன். இதைச் செய்தபோது நான் ஒரு டீச்சர் என்பதும், கோயிலில் குழந்தைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பவள் என்பதும் நினைவில் இருந்தன. ஆனாலும் செய்தேன். பாஸ்போர்ட் இல்லாமல் எங்கே ஓட முடியும்? தேடுவார். தேடினால் பிடிபடுவார். அப்போது கேட்டுக்கொள்ளலாம்.

அவர் தேடவில்லை.

முதல் வாரம் அது ஒரு தந்திரம் என்று நினைத்தேன். அலமாரியில் நான் ஒரு நூல் வைத்துப் பார்த்தேன், கதவைத் திறந்தால் விழும்படி. விழவில்லை. இரண்டாம் வாரம் எனக்கே பயம் வந்தது, டின்னில் அது இருக்கிறதா என்று. இருந்தது. அவர் வழக்கம்போல் கடைக்குப் போனார், மகளுக்குச் செருப்பு மாட்டினார், சாயங்காலம் பயிற்சிக்குப் போனார். அண்ணன் எழுதிய கடிதத்தை வாசித்து, அங்கே குளிருக்கு என்னென்ன வேண்டும் என்று நான் பட்டியல் போட்டபோது என் கோட்டையும் மகளின் கோட்டையும் பற்றித்தான் பேசினார். தன் கோட்டைப் பற்றிப் பேசவே இல்லை.

அன்றுதான் எனக்கு உறைத்தது. ஓடப்போகிற ஆள் பாஸ்போர்ட்டைத் தேடுவான். போகவே போகாத ஆளுக்குத்தான் அது தேவையில்லை.

அடுத்த சனிக்கிழமை பயிற்சிக்கு என்று அவர் கிளம்பியபோது, மகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். மைதானத்தில் அவரோடு சேர்த்து நாலு பேர்தான் இருந்தார்கள். நாலு பேர் ஒரு சதுரமாக நின்று பந்தை ஒருவருக்கொருவர் தட்டிக்கொண்டிருந்தார்கள். கோல் கம்பத்துக்கு நடுவில் யாரும் இல்லை. பெரிய கைக்காரர், கல்யாணங்களில் அண்டாவை ஒற்றை ஆளாக இறக்குபவர், பிப்ரவரியிலேயே கனடா போயிருந்தார். இடது பக்கம் ஆடும் இரட்டையர் சிட்னியில். பாலத்தில் கதை சொன்னபோது ஒவ்வொருவராகப் படகேற்றி அனுப்பியும் எனக்கு அவர்களை அடையாளம் தெரியவில்லை.

மகள் புல்லில் இறங்கி அவரிடம் ஓடினாள். அவர் பந்தை விட்டுவிட்டு வந்தார்.

"என்ன, வேவு பாக்க வந்தியா?"

"ஆமா," என்றேன். "டிக்கெட் தேதிய ஏன் மாத்தக் கேட்டீங்க?"

அவர் குனிந்து பூட்ஸ் நாடாவைக் கட்டினார். அது கட்டித்தான் இருந்தது. "போட்டி அடுத்த மாசம். ஒரு தடவ ஆடிட்டு வந்துர்லாம்னு. நீங்க ரெண்டு பேரும் மொதல்ல போங்க. நான் பின்னாலேயே வந்துருவேன்."

"நாலு பேர வெச்சுக்கிட்டா?"

"சின்னப் பசங்க இருக்கானுங்க. ஆள் சேத்துருவேன்."

"எங்கள அனுப்பிட்டு நீங்க மட்டும் இங்க கோப்பை வாங்குவீங்க."

அவர் நிமிர்ந்து நின்றார். பிறகு, அதைத்தான் இத்தனை நாள் கேட்க நினைத்தவர் போல, "அன்னிக்கு பாலத்துல ஏன் ஜெயிச்சான்னு சொன்ன? எழுதியிருந்தத படிச்சேல்ல?" என்றார்.

"படிச்சேன். வேற என்ன சொல்றது? ஓடிப்போவான்னு சொல்லச் சொல்றீங்களா?"

"யார் ஓடிப்போறது?"

"கப்தான். காலி கப்தான் பாகி."

அவர் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. "பாகி இல்ல," என்றார். "பாக்கி. எல்லாரும் போயிட்டாங்க, கப்தான் மட்டும் பாக்கி. மிச்சம்."

"அதுக்கு நடுவுல க் போடணும்."

"எங்க?"

"பா-வுக்கும் கி-க்கும் நடுவுல. புள்ளி வெச்ச க். அது இல்லன்னா பாகின்னுதான் வாசிக்க முடியும்."

"அந்தப் புள்ளி வெச்ச எழுத்தெல்லாம் எதுக்குன்னு எனக்கு எப்பவுமே புரிஞ்சதில்ல," என்றார். பிறகு, "ஒரு புள்ளிக்கா இத்தன நாளா மூஞ்சியத் தூக்கிக்கிட்டு இருந்த?" என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது யோசித்துப் பார்த்தேன். ஓடிப்போவான் என்றாலும் மிச்சம் இருப்பான் என்றாலும் எங்கள் கணக்கில் ஒன்றுதான். இரண்டிலும் விமானத்தில் நானும் மகளும் மட்டும். பின்னாலேயே வந்துருவேன் என்று சொன்னவர்கள் அந்த வருஷம் எத்தனை பேர். கப்தானை அவர் பெருமைக்காரனாக எழுதியிருந்தார், அது எனக்குத் தெரிந்தது. அந்தப் பெருமையை அவர் கேலி செய்தாரா, அல்லது அவருக்கு அது வேண்டியிருந்ததா என்பது மட்டும் தெரியவில்லை.

பாஸ்போர்ட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. இப்போது அதை ஒளித்து வைப்பதில் அர்த்தமே இல்லை, வெளியே எடுத்தால் ஒளித்ததைச் சொல்ல வேண்டிவரும். அதனால் அது பயறிலேயே கிடந்தது.

புதன்கிழமை சாப்பிடும்போது அவர், "மூணு," என்றார்.

அந்த நாலு பேரில் இன்னொருவருக்கு விசா வந்திருந்தது. கை கழுவிவிட்டு கடையிலிருந்து கொண்டுவந்திருந்த குறடால் கூடத்துச் சுவரிலிருந்த ஆணியைப் பிடுங்கினார். சுண்ணாம்பு கொஞ்சம் உதிர்ந்தது. அதைத் தானே கூட்டி அள்ளினார். மறுநாள் கடையில் கணக்கு முடித்துவிட்டு, வரும்போது பெரிய அளவில் ஒரு பழைய கோட்டு வாங்கி வந்தார். டிக்கெட் ஆபீஸ் பெண்ணிடம் கேட்டேன். தேதி மாற்றம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

கிளம்பும் காலையில் பாஸ்போர்ட்டைத் தோண்டி எடுத்து, சேலைத் தலைப்பால் துடைத்து, என்னுடையதோடு சேர்த்துப் பையில் வைத்தேன். நாடியில் ஒன்றும் ஆகவில்லை. ஆக்லாந்தில், பெட்டிகளைத் திறந்து பார்க்கும் மேஜையில், ஒரு பெண் அதிகாரி அவர் பாஸ்போர்ட்டை விரித்ததும் உறையின் மடிப்பிலிருந்து ஒரு பாசிப்பயறு உருண்டு மேஜையில் விழுந்தது. தோல் நீக்காத முழுப்பயறு.

அந்த நாட்டில் விதை கொண்டுவரக் கூடாது. படிவத்தில் விதை இல்லை என்று நான்தான் எழுதியிருந்தேன். அதிகாரி அதை ஒரு இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது போல இன்னும் இருக்கிறதா?" என்று கேட்டார். இந்த ஒரு பயறுக்காக எங்களைத் திருப்பி அனுப்புவார்கள் என்று உறுதியாக நம்பினேன்.

"இல்லை மேடம். இது ஒன்றுதான் மிச்சம்," என்றார் என் கணவர், ஆங்கிலத்தில், வெகு நிதானமாக. அதிகாரி பயறை ஒரு சின்னப் பையில் போட்டு ஒட்டினார். எங்களைப் போகச் சொன்னார்.

தள்ளுவண்டியில் மகளை ஏற்றி உட்காரவைத்துவிட்டு அவர் என் பக்கம் சாய்ந்தார். "உறைய நல்லா உதறியிருக்கக் கூடாது நீ?"

நான் நின்றுவிட்டேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"மொத வாரமே. உனக்குத் தலவலின்னு படுத்திருந்தியே, அன்னிக்கு பயறு வேக வெச்சது யாரு?"

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார். கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணன் கையசைத்துக்கொண்டிருந்தான்.

மூன்று வருஷம் ஆகிறது. மகள் இங்கே பள்ளிக்குப் போகிறாள். அவர் ஒரு மரக்கடையில் வேலை பார்க்கிறார், இங்கே அவரை எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். கதையை அவர் தொடவே இல்லை. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அந்த க்-ஐ நானே போட்டுவிடலாம், கையில் சிவப்புப் பென்சில் எடுத்ததும் உண்டு. ஆனால் அவர் பாஸ்போர்ட்டைத் தேடாதது போக மனமில்லாததாலா, இருக்கும் இடம் தெரிந்ததாலா என்று எனக்கு இன்னும் தெரியாது, அதனால் போடவில்லை. கேட்டால் ஏதாவது சொல்வார். போன வாரம் இந்த வீட்டுக் கூடத்தில் அவர் சுவரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆணி இறங்க உள்ளே எங்கே மரச்சட்டம் இருக்கிறது என்று. எதற்கு என்று கேட்டேன்.

"காலண்டருக்கு," என்றார்.